நெஞ்சையும் அதே அறையில் பாருங்கள்

எச்.ஐ.வி. என்றதும் நம்மில் பலருடைய மனதில் எழும் உருவம் பழையது. எலும்பும் தோலுமான உடல், வாய் நிறையப் புண், விடாத வயிற்றோட்டம், கடைசியில் சயரோகம். இலங்கையர் ஒருவரில் இந்த வைரஸ் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட 1987ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு அந்த உருவத்தில் பொய் இருக்கவில்லை. விபத்தொன்றின் பின் ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்குள்ளாகி, அதை ஒளிக்காமல் நாட்டுக்கே சொன்ன குழந்தை மருத்துவர் கமலிகா அபேரத்ன 2004இல் காலமானார். அந்தக் காலப்பகுதியில்தான் வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் அரசாங்க சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின.

இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே ஒரு குளிசை. அதைத் தவறாமல் போடுகிறவரின் இரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவதில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. இவையெல்லாம் நமது பொதுச் சுகாதாரத் துறை உழைத்துப் பெற்ற வெற்றி. அந்த வெற்றியால் உயிர் தப்பி ஐம்பதையும் அறுபதையும் தொடுகிறவர்கள் இப்போது வேறோர் ஆபத்தின் முன் நிற்கிறார்கள். மாரடைப்பு, பாரிசவாதம், இருதயம் களைத்துப்போதல்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் அதே அறையில் பிரஷரும் சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்க்கப்பட வேண்டும். அவற்றுக்கான குளிசையும் அங்கேயே கொடுக்கப்பட வேண்டும். கிழக்குக் கரையிலுள்ள கோமாரி மாதிரியான ஓர் ஊரிலிருந்து வரும் நோயாளிக்கு வேறெந்த ஏற்பாடும் சரிவராது.

ஆபத்து எவ்வளவு என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018இல் வெளியான கணக்கொன்று, எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்கு இருதய, இரத்தக்குழாய் நோய்கள் வரும் சாத்தியம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று காட்டியது. அதற்கு ஐந்து வருடம் முந்தி, அமெரிக்காவின் முன்னாள் படையினர் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தவர்கள், புகைத்தல், பிரஷர், நீரிழிவு எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கணக்கிட்டார்கள். அப்போதும் மாரடைப்பு சுமார் 50 வீதம் கூடுதலாக இருந்தது. வைரஸ் அடங்கியிருந்தவர்களிடமும் ஆபத்து மிச்சமிருந்தது.

இந்த மிச்ச ஆபத்தின் கதை குடலில் தொடங்குகிறது. தொற்றிய முதல் வாரங்களிலேயே, குடற்சுவருக்குக் காவலாக இருக்கும் சி.டி.4 கலங்களை வைரஸ் பெருமளவில் அழித்துவிடுகிறது. பிற்பாடு மருந்தினால் இரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை ஏறினாலும் குடலில் அந்தக் காவல் முழுமையாகத் திரும்புவதில்லை. பக்டீரியாக்களின் துணுக்குகள் குடலிலிருந்து இரத்தத்துக்குள் கசிந்துகொண்டே இருக்க, உடல் அவற்றோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறது. காய்ச்சல் கிடையாது, நோவு கிடையாது. ஆளுக்கே தெரியாமல் வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி அது. அதனால் தூண்டப்பட்ட வெண்கலங்கள், இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளின் உட்சுவருக்குள் நுழைந்து, கொழுப்பை விழுங்கி, அங்கேயே தேங்கிவிடுகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இந்தத் தேக்கம் சுண்ணாம்பு ஏறி இறுகாமல், மென்மையாகக் கிடப்பது கூடுதலாகக் காணப்படுகிறது. மென்மையானதுதான் சட்டென்று வெடிக்கும். வெடித்த இடத்தில் இரத்தம் உறையும், நாடி அடைபடும். மருந்தே எடுக்காமல் தம் உடலின் பலத்தாலேயே வைரஸை அடக்கி வைத்திருக்கும் அபூர்வமான சிலரிடமும் இத்தகைய படிவு கூடுதலாக இருந்தது. ஆகவே பழி முழுவதையும் மருந்தின் தலையில் போட முடியாது.

மருந்துக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. கூட்டு மருந்து எடுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் மாரடைப்பு வீதம் 26 வீதத்தால் கூடுகிறது என்று 2003இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அன்றைய மருந்துகளில் சில இரத்தத்துக் கொழுப்பைத் தாறுமாறாக ஏற்றின. அப்படியானால் இடையிடையே மருந்தை நிறுத்தி உடம்புக்கு ஓய்வு கொடுத்தால் என்ன என்ற எண்ணம் நோயாளிகளுக்கு மட்டுமல்ல, மருத்துவர்களுக்கும் வந்தது. அதைச் சோதிக்கத்தான் ஸ்மார்ட் என்ற ஆய்வு 33 நாடுகளில் 5,472 பேரோடு நடந்தது. 2006 ஜனவரியில் அதற்கு ஆள் சேர்ப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. விட்டுவிட்டு மருந்தெடுத்தவர்கள் கூடுதலாக இறந்தார்கள். இருதயம், சிறுநீரகம், ஈரல் மூன்றிலும் அவர்களுக்குத்தான் கூடுதலாகக் கோளாறு வந்தது. நெஞ்சுக்குப் பயந்து எச்.ஐ.வி. குளிசையை நிறுத்துவது நெஞ்சுக்கே கேடு. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இப்போது புழக்கத்தில் உள்ள டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கொழுப்பை அவ்வளவாகக் குழப்புவதில்லை. ஆனால் எடையைக் கூட்டுகிறது. 2019இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வில் பெண்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. மெலிந்துபோனால் ஊர் சந்தேகப்படும் என்று பயந்து வாழ்ந்தவர், உடம்பு வைப்பதைக் கண்டு மகிழ்ந்துதான் போவார். இடுப்பைச் சுற்றி ஏறும் கொழுப்பு அவருக்கு நல்ல செய்தியாகவே தோன்றும். எடை பார்க்கிறவர் அந்த இடத்தில் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நமது கரைக்கு வருவோம். எச்.ஐ.வி. இல்லாமலே நாம் நெஞ்சு வருத்தத்துக்கு முந்திக்கொள்ளும் மக்கள். இலங்கை உட்படத் தெற்காசியாவின் ஐந்து நாடுகளை ஏனைய நாடுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளியானது. நம் பக்கத்தில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற இடங்களில் 59. இலங்கையில் நடக்கும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தொற்றாத நோய்களால் வருகின்றன. கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலையில் பிட்டும் தேங்காய்ப்பால் சொதியும், நாலைந்து தரம் சீனி போட்ட தேத்தண்ணி, இரவில் கொத்து, விசேஷத்துக்கு இறைச்சியும் நெய்ச்சோறும் வட்டிலப்பமும், கூடவே கருவாட்டின் உப்பு, வெற்றிலையோடு புகையிலை, கடற்கரையில் பீடி. இவற்றின் மீது எச்.ஐ.வி.யின் அழற்சியையும் ஏற்றிவைத்துப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு முன்னரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் விழுந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

கோமாரியில் எச்.ஐ.வி.யுடன் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயல் கொஞ்சம், வாடியில் வேலை கொஞ்சம். வயது ஐம்பத்திரண்டு. முந்தி ஒருகாலம் மத்திய கிழக்கில் இருந்து வந்தவர். எச்.ஐ.வி. மருந்து எடுக்கத் தொடங்கிப் பல வருடம். அவருடைய சிகிச்சை நிலையம் கல்முனையில் என்றால் தூரம் சுமார் ஐம்பது கிலோமீற்றர். விடிய முந்தி பஸ் ஏற வேண்டும். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு என்று ஊர்கள் கழிய, ஒவ்வொரு தரிப்பிலும் தெரிந்த முகம் ஒன்று ஏறும். “எங்க அண்ணன், விடியவே கல்முனைக்கு?” என்ற கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். “பல்லு கழட்டப் போறன்”, “வங்கியில ஒரு வேலை.” மாதத்துக்கு ஒன்றாகப் பதில்கள் தீர்ந்துகொண்டே போகும்.

இவர் கையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று எச்.ஐ.வி. சிகிச்சை நிலையத்தில் கொடுத்த அட்டை. பெயர் தெரியாமலிருக்க இலக்கம் போட்டது. மற்றது பிரஷருக்கு வைத்தியசாலைக் கிளினிக்கில் கொடுத்த கொப்பி. நமது நாட்டில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையிலேயே இருக்கிறது, அதுவே அவருடைய மருத்துவ வரலாறு. முதல் அறையில் எழுதப்படுவது இரண்டாவது கொப்பியில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. அவரே அதை விரும்புவதில்லை. கொப்பி வீட்டில் அலமாரியின் மேல் கிடக்கும். மருமகள் எடுத்துப் பார்ப்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொல்லும்.

கிளினிக் நாளில் அந்த அறையை நினைத்துப் பாருங்கள். ஒரே மேசையில் இரண்டு டொக்டர்மார், தோளோடு தோள் உரசிக்கொண்டு வரிசை, கதவில் நிற்கும் பணியாளர் அவருக்கு மச்சான் முறை. அங்கே தாதி தலையை நிமிர்த்தாமல் கேட்கிறார்: “ஐயா, வேற குளிசை ஏதும் போடுறீங்களா?” பின்னால் நிற்பவரின் மூச்சு முதுகில் படுகிறது. அவர் “இல்லை” என்றுதான் சொல்வார். நானென்றாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அந்தப் பயத்தை வீண்பயம் என்று ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை. 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறு பையனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி கிளம்பியபோது பாடசாலைகள் அவனைச் சேர்க்க மறுத்தன; மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் கண்டியிலுள்ள ஒரு கல்லூரி அவனுக்குக் கதவு திறந்தது. வெறும் வதந்திக்கே அந்தக் கதி. வளைகுடா நாடுகளின் கதையும் நம் கரைக்குத் தெரிந்ததுதான். போகுமுன் எடுக்கும் மெடிக்கலில் எச்.ஐ.வி. என்று வந்தால் பயணம் அத்தோடு முடிந்தது. அங்கே இருக்கும்போது தெரிந்தால் திருப்பியனுப்பிவிடுவார்கள். தனக்கு என்ன நடந்தது என்பதைத் திரும்பி வந்தவர் வீட்டுக்கே விளங்கப்படுத்த முடியாமல் தவிக்கிறார். இத்தனையையும் கண்டவர் இரண்டாவது அறையில் வாய் திறக்க மாட்டார்.

வாய் திறக்காததன் விலை நெஞ்சில் விழுகிறது. கொலஸ்ட்ரோலுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த சிம்வஸ்டட்டினை, ரிட்டோனாவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்தோடு கொடுக்கவே கூடாது. ஈரல் அதைச் சிதைக்க முடியாமல் போய், இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறித் தசைகள் கரையும், சிறுநீரகமும் பழுதாகலாம். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின், டொலுடெக்ராவிருடன் சேரும்போது உடலில் கூடுதலாகத் தங்கும். நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாரடைப்புக்குப் பின் கொடுக்கும் இரத்தம் உறையாமைக் குளிசைகளில் சிலவும் ரிட்டோனாவிரோடு ஒத்துப்போவதில்லை. இவையெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரிந்த விடயங்கள். தெரிந்திருந்தும் பயனில்லை, அவர்கள்முன் இருக்கும் கொப்பியில் எச்.ஐ.வி. மருந்தின் பெயர் இல்லை.

இன்னொன்று இதைவிட மோசம். நெஞ்சு நோவை நம் ஊரில் முதலில் “காஸ்” என்கிறார்கள். கடையில் ஒரு காஸ் குளிசை, கொஞ்சம் சோடா, நெஞ்சில் எண்ணெய் தேய்ப்பு. மாரடைப்பாக இருந்தால் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி, அந்த நிமிடங்கள் இங்கே கழிந்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இது இரட்டை நட்டம். அலுமினியமும் மக்னீசியமும் உள்ள காஸ் மருந்தை டொலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால், அந்த எச்.ஐ.வி. மருந்தின் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியே போய்விடும். எச்.ஐ.வி. குளிசையைக் காஸ் மருந்துக்கு இரண்டு மணித்தியாலம் முந்தி, அல்லது ஆறு மணித்தியாலம் பிந்திப் போட வேண்டும். அப்படியானால் தினமும் காஸ் என்று மருந்து வாங்கிக் குடிக்கிறவரின் வைரஸ் அடங்காமலும் போகலாம், நெஞ்சு நோவின் உண்மைக் காரணம் தெரியாமலும் போகலாம்.

வழி இருக்கிறது. 2023 ஜூலையில் ரிப்ரீவ் என்ற ஆய்வின் முடிவு வெளியானது. இந்தியா உட்பட 12 நாடுகள், 40 முதல் 75 வயது வரையான 7,769 பேர். எல்லோரும் எச்.ஐ.வி. மருந்தெடுப்பவர்கள், வழமையான கணக்குப்படி நெஞ்சு வருத்த ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று சொல்லப்பட்டவர்கள், அதாவது சாதாரணமாக எந்த டொக்டரும் கொலஸ்ட்ரோல் குளிசை எழுதியிருக்க மாட்டார். மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் பெண்கள். பாதிப் பேருக்குத் தினமும் பிற்றவஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசை, மற்றப் பாதிக்கு வெறும் குளிசை. ஐந்து வருடங்களுக்குப் பிறகு பார்த்தால், மருந்தெடுத்தவர்களிடம் மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 வீதம் குறைந்திருந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள்.

அதை ஊதிப் பெருப்பிக்கவும் நான் விரும்பவில்லை. ஆயிரம் பேரில் ஒரு வருடத்துக்கு ஏழு பேருக்கு வந்திருக்க வேண்டியது ஐந்து பேருக்கு வந்தது என்பதே எளிய கணக்கு. மருந்தெடுத்தவர்களில் சற்றுக் கூடுதலானோருக்குச் சீனி வருத்தம் தொடங்கியது, சிலருக்குத் தசை நோவு. இருந்தாலும் இந்த நோயாளிகளுக்கென்றே நடத்தப்பட்டு, இவர்களின் நெஞ்சைக் காக்க முடியும் என்று காட்டிய முதல் பெரிய ஆய்வு இது. அமெரிக்காவின் வழிகாட்டல் 2024 பெப்ரவரியில் மாறியது: எச்.ஐ.வி.யுடன் வாழும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஸ்டட்டின் வகைக் கொலஸ்ட்ரோல் குளிசை பரிந்துரை. பிற்றவஸ்டட்டின் இல்லாவிட்டால் அற்றோவஸ்டட்டின் 20 மில்லிகிராம், அல்லது றொசுவஸ்டட்டின் 10. அற்றோவஸ்டட்டின் நம் அரசாங்க வைத்தியசாலை மருந்தகங்களில் கைக்கெட்டும் குளிசை. புதிய தொழிற்சாலையும் வேண்டாம், வெளிநாட்டுக் கடனும் வேண்டாம்.

ஆகவே கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடமும், கொழும்பிலுள்ள தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்திடமும் கேட்பது இதுதான். பிரஷர் மானி, எடைத் தராசு, விரல் நுனியில் சீனி பார்க்கும் கருவி மூன்றும் எச்.ஐ.வி. அறையில் இருந்து, ஒவ்வொரு வருகையிலும் பயன்பட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கொலஸ்ட்ரோல் பார்க்க இரத்தம், வைரஸ் பரிசோதனைக்கு ஊசி குத்தும் அதே நேரத்தில். அதற்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லவும் தேவையில்லை. பெரும்பாலானோருக்குச் சாப்பிட்ட பின் எடுக்கும் இரத்தமே போதும் என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2016இலேயே உடன்பட்டுவிட்டார்கள். கோமாரியிலிருந்து விடியற்புறம் பஸ் ஏறுகிறவர் மத்தியானம் வரை பட்டினி கிடப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நாற்பதைக் கடந்தவருக்கு ஸ்டட்டின் அங்கேயே கொடுக்கட்டும், பிரஷர் குளிசையும் அங்கேயே. “வெளியில எடுத்துட்டு வாங்க” என்று தனியார் ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கொடுத்தால், நாட்கூலிக்காரர் அந்தத் துண்டை மடித்துச் சேட்டுப் பையில் வைப்பார். அது அங்கேயே கிடந்து கிழியும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமான மறுப்பு. எச்.ஐ.வி. உள்ளவரை எப்போதும் தனி அறையிலேயே வைத்திருந்தால் ஒதுக்கல் எப்போது நீங்கும்? நீரிழிவுக்காரரோடு ஒன்றாக வரிசையில் நிற்பதல்லவா சமத்துவம்? நாட்டின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 முதல் நெஞ்சு வருத்த ஆபத்தைக் கணிக்கத்தானே இருக்கின்றன? கொழும்பில் இருந்து பார்த்தால் அந்த வாதம் சரியாகவே படும். ஒரு வைத்தியசாலையில் தெரிந்துவிட்டால் வேறொன்றுக்குப் போகலாம் என்ற வசதி அங்கே உண்டு. ஒரே தெருவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழும் ஊரில், இரகசியம் ஒரு தடவை கசிந்தால் மகளின் கலியாணமும் நின்றுபோகும். சமத்துவத்தின் பெயரால் அவரைப் பொது வரிசைக்கு அனுப்பினால் அவர் இரண்டு அறைக்கும் வராமல் விட்டுவிடுவார். ஊர் மாறும் வரை அவருடைய நாடிகள் காத்திருக்காது. பொதுக் கிளினிக்குகளில் மறைவாகப் பேச ஒரு மூலை, கதவு சாத்திய பின் கேட்கப்படும் கேள்வி, மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றிய பயிற்சி ஆகியவற்றை இப்போதே தொடங்கலாம். அவை பலன் தரும் வரை நெஞ்சைப் பார்க்கும் வேலை எச்.ஐ.வி. அறையினுடையது.

ஆட்கள் கொஞ்சம்தானே என்றும் சிலர் சொல்லக்கூடும். இலங்கையில் வளர்ந்தோரிடையே எச்.ஐ.வி. 0.1 வீதத்துக்கும் குறைவு என்பது சரி. அண்மை ஆண்டுகளில் புதிதாகக் கண்டறியப்படுவோர் வருடத்துக்கு அறுநூறைத் தாண்டிவிட்டார்கள் என்பதும் சரி. கொஞ்சப் பேர் என்பதால்தான் இது செய்து முடிக்கக்கூடிய வேலையாக இருக்கிறது. ஒரு மருத்துவரும் ஒரு தாதியும் தம்மிடம் வரும் ஒவ்வொருவரின் பிரஷரையும் மனப்பாடமாகவே வைத்திருக்கலாம்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. கணவனிடமிருந்து தொற்று வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பிறகு நெஞ்சு ஆபத்து ஏறுகிறது. பெண்களுக்கு வரும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சை அடைக்கும் நோவாக வருவதில்லை; களைப்பு, வியர்வை, நாரி நோவு, தாடை நோவு, வாந்தி வரும் போலிருத்தல் என்றும் வரும். கணவனுக்கு மருந்து எடுத்து வைக்கும் அவளை, அவளுடைய பிரஷர் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கரையில் எச்.ஐ.வி. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதை வாசிக்கக்கூடும். அடுத்த தரம் போகும்போது அந்த அறையிலேயே மூன்று எண்களைக் கேளுங்கள்: பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல். வேறிடத்தில் வாங்கும் எல்லாக் குளிசைகளையும், காஸ் மருந்து, கல்சியம், இரும்புச் சத்து உட்பட, ஒரு பையில் போட்டு அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த அறைக்கு உங்கள் இரகசியம் ஏற்கெனவே தெரியும். வயது நாற்பதைக் கடந்துவிட்டால் ஸ்டட்டின் எனக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பீடியை விடுங்கள், புகையிலையையும். நெஞ்சில் பாரம் ஏறி வியர்த்தால் கடைக்குப் போகாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்ததும், எந்தக் குளிசை போடுகிறீர்கள் என்பதை டொக்டரின் காதில் மட்டும் சொல்லுங்கள்.